லேபல் அடித்துக் கொடுத்த காலம்

லேபல் அடிக்கிற தொழிலில் பிழை கடையோடு நிற்பதில்லை. பின்னால் பசையோடு ஊரெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாயிரத்துக்குப் பிந்திய சில வருஷங்கள் கொட்டகலை பஜாரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தேன். லேபல் தாளைப் பிரிண்டருக்குள் விட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

மிச்சத் தாள்

ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா, பாதி லேபல் உரித்தெடுத்த தாளைக் கொண்டுவந்து, "மிச்சத்தில அடிச்சுத் தாங்க, வீணாப் போகுது" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தாள் உள்ளே போனதும் கறகறவென்று ஒரு சத்தம், பிறகு பசை கருகுகிற வாடை. மூடியைத் திறந்தால் சூடான உருளையில் மூன்று லேபல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கடைக்கு இருந்ததே அந்த ஒரு லேசர் பிரிண்டர்தான்.

ஹட்டனில் இருந்து வந்த மெக்கானிக், உருளையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒட்டுற தாளைக் குடுத்தீங்க, ஒட்டிக்கிச்சு. மெசின் மேல என்னங்க தப்பு?"

பரிசுப் புத்தகங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே படிப்பித்த ஒரு டீச்சர், பரிசளிப்பு விழாப் புத்தகங்களில் ஒட்டப் பிள்ளைகளின் பெயர்களை டைப் செய்து டிஸ்க்கில் கொண்டுவந்தார். அவருடைய தமிழ் எழுத்துரு எங்கள் கொம்பியூட்டரில் இல்லை. திரையைச் சரியாகப் பார்க்காமல் நான் பாட்டுக்கு ஐந்து தாளையும் அடித்துவிட்டேன். வெளியே வந்ததெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். விழா மறுநாள் காலை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"பிள்ளை, இந்தப் பேரைக் கூப்பிட்டால் ஒருத்தரும் மேடைக்கு வரமாட்டினம்."

பாணிப் போத்தல்

கினிகத்தேனை முதலாளி ஒருவருக்குக் கித்துள் பனையில் இறக்கிக் காய்ச்சும் பாணியின் போத்தலுக்கான லேபலைக் கலர் பிரிண்டரில் அழகாக அடித்துக் கொடுத்தேன். அந்த மைக்குத் தண்ணீர் ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மழையில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். ஒரு போத்தலிலும் எழுத்து இல்லை, வழிந்த நீலம்தான் இருந்தது. சிங்களம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், நம்ம போத்தல் எல்லாம் அழுவுது."

சிரங்கு மருந்து

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டாக்டரய்யா மருந்துப் போத்தல்களுக்கு லேபல் கேட்டிருந்தார். மேல்வரியில் மருந்தின் பெயர், கீழ்வரியில் பாவிக்கும் முறை. அடித்துக் கட்டி, பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். மத்தியானம் மேசையில் கிடந்த மிச்சத் தாளைப் பார்த்தேன். கொம்பியூட்டரில் தாளின் அளவு மாறிக் கிடந்ததால் எழுத்து வரிசைக்கு வரிசை கீழே இறங்கியிருந்தது. கடைசி வரிசையில், இருமல் மருந்தின் "மூன்று வேளை குடிக்கவும்" பூசுகிற சிரங்கு மருந்து லேபலின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. வெறுந்தாளில் ஒன்று அடித்து, லேபல் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

டிஸ்பென்சரிக்குப் போன் போகவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். டாக்டரய்யா லேபலைப் படித்ததும் போத்தல்களை எண்ணினார். ஒரு போத்தல் ஏற்கெனவே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போயிருந்தது. கொழுந்தெடுக்கிற ஒரு அம்மா பிள்ளைக்கென்று வாங்கியிருந்தார். இரண்டு பேரும் மேட்டில் ஏறினோம். வாசலில் அந்தப் பிள்ளை உடம்பெல்லாம் வெள்ளையாக மருந்து பூசியபடி விளையாடிக்கொண்டிருந்தது. நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். குடிக்கக் கொடுத்தீர்களா என்று டாக்டரய்யா கேட்க, அந்த அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க ஐயா. மோந்து பார்த்தேன், குடிக்கிற வாசமில்ல. அதான் பூசிவிட்டேன்."

எத்தனையோ பேர் படிக்க லேபல் அடித்துக் கொடுத்த நான், அதைப் படிக்காத ஒருவர் புண்ணியத்தில்தான் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குகிறேன்.