பேர் கொடுத்த பதினொரு பேர்

கல்வராயன் மலையில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று மைக்கில் அறிவித்தார்கள். பேர் கேட்கக் கூடாது என்பது உத்தரவு. பலர் ஊர் எல்லையில் போட்டுவிட்டுப் போனார்கள். வனத்துறை ஆபீசில் எழுத்தரான எனக்கோ பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தால் தாங்காது. நேரில் வந்த பதினொரு பேரிடமும் பேர், ஊர், செல் நம்பர் கேட்டு எழுதினேன்.

"நம்மகிட்ட இன்னா ஒளிவு சார்?" என்று சிரித்தபடி கைநாட்டு வைத்தார் சடையன்.

அடுத்த மாதம் காட்டில் யாரோ மானைச் சுட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி கேட்டதும், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினொரு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். துப்பாக்கியைக் கொடுக்காமல் கூரையில் செருகி வைத்திருந்தவர்களின் கதவை யாரும் தட்டவில்லை.

பத்து நாள் கழித்துச் சடையன் ஆபீசுக்கு வந்தார். கைநாட்டு வைத்த பெருவிரல் கறுத்து வீங்கியிருந்தது.

"எம்பேர மட்டும் அடிச்சுடுங்க சார். வூட்ல எல்லாம் பயந்துக்கினு கெடக்குறாங்க."

"ரெஜிஸ்டர்ல அடித்தல் திருத்தல் கூடாது பெரியவரே. செல் நம்பர் அதேதானே?" என்றேன். தலையாட்டினார்.

இன்றும் மலையில் வெடிச்சத்தம் கேட்டால் முதலில் என் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம்.