அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

நோயாளியின் துணியை விலக்கிப் பார்க்க வெட்கப்பட்டு, ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் இளம் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி முத்துச்சாமியை எங்கள் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, கூடவே ஒரு பை நிறைய ரிப்போர்ட்டும் வந்தது. ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். பிளேட்லெட் சரிந்திருந்தது, லிவர் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. மூத்திரம் குறைந்துகொண்டே வந்தது. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. முந்தைய ஆஸ்பத்திரியில் 'காரணம் தெரியாத காய்ச்சல்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதை இப்படியும் எழுதலாம்.

"வேட்டிய அவுரும்" என்றேன்.

"எதுக்கு வே? காய்ச்சல் மண்டையப் பொளக்கு. நீரு இடுப்புல என்னத்தத் தேடுதீரு?"

ஐ.சி.யூ.வில் படுத்துக்கொண்டு, கூட்டாளியைக் கூப்பிடுவது போல என்னை 'வே' போட்ட முதல் ஆள் அவர்தான்.

"உம்ம சொத்தத் தூக்கிட்டு ஓட மாட்டேன். அவுரும்."

கருப்பு அரைஞாண் கயிறு, அதில் வரிசையாகத் தாயத்துகள். வயிறு உப்பியதில் கயிறு சதைக்குள் பதிந்து கிடந்தது. நகர்த்தினால் நகரவில்லை. அதற்கு அடியிலிருந்து கருப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"அது கயிறு உரசுன புண்ணு சார்" என்றார் அவர் மனைவி செல்லம்மாள். "அங்கனயும் பாத்தாவ. ஆயின்மென்ட் போடச் சொன்னாவ."

"வலிக்குதா வே?"

"வலியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

உரசிய புண் என்றால் தொட்டாலே எரியும். வலிக்காத கருப்புப் புண் வேறு ஜாதி. கத்தரிக்கோல் கேட்டேன். சிஸ்டர் நீட்டுவதற்குள் செல்லம்மாள் என் கையைப் பிடித்துவிட்டார்.

"அரணாக்கயிற அறுக்கது செத்தவனுக்குல்லா சார்! எந்தாலிய அறுக்கப் பாக்கியளா?"

முத்துச்சாமி கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டார். "சார், நான் பொழைக்க மாட்டனா?" என்றார். 'வே' காணாமல் போயிருந்தது.

சிஸ்டர் செல்லம்மாளை வெளியே அனுப்பப் பார்த்தார். நான் தடுத்தேன். இந்த ஊரில் உயிரோடு இருக்கிற ஆம்பிளையின் இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். தெரிந்தும் சத்தம் போட்டு என்ன பிரயோஜனம்? காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி ரோலை எடுத்து நீளமாகக் கிழித்து முறுக்கினேன். கயிறு மாதிரி வந்தது.

"இந்தாங்கம்மா. மொதல்ல இத நீங்களே கட்டி விடுங்க. புதுசு ஏறுன பெறவு பழச அறுப்போம்."

"தாயத்து?"

"கையில கட்டுங்க. சாமி கோவிச்சுக்காது."

செல்லம்மாள் கட்டி முடித்தார். நான் அறுத்தேன். அடியில் பீடியால் சுட்ட மாதிரி வட்டமான கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு. டாக்டர்கள் 'எஸ்கார்' என்போம். ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத பூச்சி புதரிலிருந்து ஏறி, துணி இறுகிய இடமாகப் பார்த்துக் கடிக்கும்.

"எங்கவே உக்காந்தீரு?"

"காய் பறிக்கப்போ தோட்டத்துல, வரப்புப் புதர்ல சாஞ்சு கெடப்பேன்."

ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பினேன். ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை, உடனே டாக்சிசைக்ளின் ஆரம்பித்தேன். காத்திருந்திருந்தால் செல்லம்மாள் பயந்தது நடந்திருக்கும். டயாலிசிஸ் வரைக்கும் போகுமோ என்று எனக்கும் பயம்தான். நல்லவேளை, மூத்திரம் பிரிந்தது. காய்ச்சல் இறங்கியது. அடுத்த ரவுண்ட்ஸில் சிஸ்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், அவரு 'சோறு போடுவீரா மாட்டீரா வே'ன்னு உங்களக் கேக்காரு."

கேஸ் ஷீட்டில் 'இம்ப்ரூவிங்' என்று எழுதினேன்.

பிறகு செக்கப்புக்கு வந்தவர், நான் சொல்வதற்கு முன்பே வேட்டியைத் தளர்த்திவிட்டார். அழுக்கேறிய காஸ் துணி இன்னும் இடுப்பில் இருந்தது.

"நாறுது வே, மாத்தும்."

"புதுக் கயிறு வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். நீரு கட்டும், பெறவு இத அறும்."

கட்டிவிட்டு அறுத்தேன்.

உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இவ்வளவுதான்: துணியை விலக்குங்கள். கயிறு இருந்தால் அதற்கு அடியிலும் பாருங்கள். அறுப்பதற்கு முன்னால் புதுசு ஒன்றைக் கட்டிவிடுங்கள்.