சாய்த்து எடுத்த இரண்டாவது படம்

டாக்டர் கோமதி செவ்வாய்க்கிழமை காலை காலமானார். கிழக்கேகோட்டையில் என் பாத்திரக்கடை மாடியில் பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும் நிலையம் நடத்தியவர். கரமனையில் அவர் வீட்டிலிருந்து போன் வந்தபோது விலை பேசிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை. காரணமில்லாமல் மாடிக்கு ஏறுகிறேன், இறங்குகிறேன்.

இடம் கேட்டு வந்த அன்று, நான் சொன்ன வாடகைக்கு உடனே தலையாட்டினார். பேரம் பேசாதவரை நான் நம்புவதில்லை. கையெழுத்துக்கு முன்னால், "மெஷினுக்குத் தனி கரண்ட் லைன் போட்டுத் தரணும், அண்ணாச்சி. உங்க செலவுல" என்றார். ஆள் கெட்டிதான் என்று அப்போது தெரிந்தது.

பிறகு எனக்கே கடைவாயில் வலி வந்தது. மறுநாள் கும்பகோணத்தில் கொள்முதல். அன்றே பிடுங்கிவிட வேண்டும் என்று குதித்தேன். பல் மருத்துவர் படம் எடுத்துவரச் சொன்னார். படத்தில் வேர் நேராகத்தான் இருந்தது. டாக்டர் கோமதி விடவில்லை.

"நுனியில சின்னதா ஒரு வட்டம் தெரியறது பாருங்கோ. சாய்ச்சு இன்னொண்ணு எடுக்கணும்."

"அதுக்கும் பில்லு உண்டோ, டாக்டரம்மா?"

"ஓசிதான். வாயைத் திறங்கோ, பேசறதுக்கில்லை!"

எடுத்துவிட்டுச் சொன்னார்: "காம்பு வளைஞ்ச கரண்டியை, வளைவு நம்மைப் பாத்து இருக்கறாப்ல பிடிச்சா நேராத்தானே தெரியும்? திருப்பினாத்தான் குட்டு வெளிப்படும்."

வேர் கொக்கிபோல் வளைந்திருந்தது. சும்மா இழுத்திருந்தால் நுனி முறிந்து தாடைக்குள்ளேயே தங்கியிருக்கும். பல் மருத்துவர் பல்லை அறுத்துத் துண்டுதுண்டாக எடுத்தார். கும்பகோணம் காத்திருந்தது.

நோய் வந்தபோது தம் ஸ்கேன் படத்தையும் அவரே பார்த்தார். "இதுக்கு ரெண்டாவது படம் வேண்டாம், அண்ணாச்சி. தெளிவாத்தான் இருக்கு."

காரியங்கள் முடியுமுன்பே ஒரு செல்போன் கடைக்காரர் மாடிக்கு இரட்டிப்பு வாடகை சொன்னார். நான் வியாபாரி; கணக்குப் போடாமல் இருப்பேனா? சாவியை உள்ளங்கையில் உருட்டியபடி கடைக்குள் நடந்துகொண்டிருந்தேன். அப்போது டாக்டரிடம் வேலைபார்த்த ரெம்யா டாக்டர் வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்.

"அண்ணாச்சீ, மேல உள்ள ரூம் எனிக்குத் தருமோ? நான் நடத்திக்கோளாம்."

"படத்துல சந்தேகம் வந்தா?"

"சாய்ச்சு வேறொண்ணு எடுக்கும். மேடம் அதல்லே படிப்பிச்சது!"

சாவியை நீட்டினேன்.

இன்று மாடியில் மெஷின் மறுபடி 'கீங்' என்கிறது. நிம்மதியாகப் போய்வாருங்கள், டாக்டரம்மா. உங்கள் இடத்துக்குப் பேசி முடித்தது இதுதான்: வாடகை பழையதே, கரண்ட் லைன் என் செலவு, சாய்த்து எடுக்கும் இரண்டாவது படத்துக்கு யாரிடமும் காசு வாங்கக் கூடாது.