கார்புரேட்டரில் பட்டு நூல்

அந்த இரண்டு நாட்களில் நடந்தவை, வரிசைப்படி:

1. சேவூரில் தறி வைத்திருக்கும் தனசேகர், தன் ஸ்கூட்டரை என் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டார்.

2. விடுமுன், நான் திருடி மாற்றக்கூடியவை என்று அவர் கருதிய பாகங்களில் எல்லாம் சிவப்புப் பட்டு நூல் கட்டியிருந்தார். ஹார்னிலும்தான். அந்த ஹார்ன் சத்தம் போட்டுப் பல காலம் ஆகிறது.

3. மற்ற நூல்களை அப்படியே விட்டுவைத்தேன். கார்புரேட்டரில், ஆக்சிலேட்டர் கேபிள் வந்து சேரும் இடத்தில் இருந்ததை மட்டும் அறுத்தேன். கேபிளில் சிக்கும், அங்கே கட்டாதீர்கள் என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தேன்.

4. மறுநாள் காலை அவர் மகள் மீனா அந்த வண்டியோடு கழனிக்குள் இறங்கினாள். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருந்ததாம். அடி இல்லை, சேறு மட்டும்.

5. நான் ஆளைக் கொல்லப் பார்த்த மெக்கானிக் ஆனேன்.

ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து ஆரணியில் கடை போட்டவள் நான். கையில் ஸ்பேனரோடு நிற்கும் என்னிடமே "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்று கேட்கும் ஊர். அதனால் ஐந்தாவது விஷயம் பரவுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. தனசேகர் வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றுவிட்டார்கள்.

"எம் பொண்ணு உயிருக்கு யாரும்மா பதிலு? நல்லா ஓடிகினு இருந்த வண்டி. நூல அறுத்தப்பவே நெனச்சேன். கார்புரேட்டரையே மாத்திட்ட."

"பிரிச்சுப் பாக்கலாங்க. நீங்களே பக்கத்துல நில்லுங்க."

உள்ளே என் தவறு ஏதாவது தெரிந்தால் நாளை கடையைத் திறக்கத் தேவையில்லை. சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் பெட்டியைக் கழற்றினேன். கீழே கார்புரேட்டரில், நான் அறுத்த அதே இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு நூல். அதன் நுனி கேபிளோடு இழுபட்டு இடுக்கில் சிக்கியிருந்தது. முறுக்கினால் கேபிள் போகும், விட்டால் திரும்பாது.

"நூலு கீது பாரு. மாட்டிக்கக் கூடாதுன்னு இந்தப் பொண்ணே கட்டி வச்சிருக்கும்" என்றார் தனசேகர், கூட்டத்தைப் பார்த்து.

திறமையான வாதம். திருடியதும் நான், அதை மறைக்க அவர் கட்டியதுபோலவே நூல் கட்டி வைத்ததும் நான்.

அவரோடு வந்திருந்த மீனா குனிந்து பார்த்தாள். தலைமுடியில் சேறு காய்ந்திருந்தது.

"நைனா, இது தறியில இழை அறுந்தா நீ போடுற முடிச்சு. இந்தக்காவுக்கு எங்க தெரியும்?"

"எல்லாரும் போடுறதுதான்."

"அப்ப நேத்து சீட்டத் தூக்கி வச்சிகினு என்னா பண்ணிகினு இருந்த? என்னத்தான டார்ச் புடிக்கச் சொன்ன?"

டீக்கடைக்காரர் சிரித்தார். தனசேகர் சிரிக்கவில்லை.

"அடுத்த சர்வீஸுக்கு ஆவும்னு கட்டுனேன்" என்றார்.

"அங்க கட்டாதீங்கன்னு சொன்னேனேங்க."

"சொன்ன. பொய் சொல்றன்னு நெனச்சேன்."

நூலை அறுத்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, ஆக்சிலேட்டர் திரும்புகிறதா என்று மீனாவையே முறுக்கிப் பார்க்கச் சொன்னேன். திரும்பியது.

வேலையைச் சரியாகச் செய்தால் போதும் என்று பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். செய்வது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்பதை இங்கே கற்றேன். இப்போது தனசேகர் வந்தால் ஸ்டூலை வண்டிக்குப் பக்கத்திலேயே போடுகிறேன். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது காட்டிவிட்டுக் கழற்றுகிறேன். நூல் கட்டுவதை அவர் விட்டுவிட்டார். என்னை இன்னும் நம்பவில்லை. வேறு கடைக்கும் போவதில்லை.