நீல மருந்து ஏற்றாத தையல்

கண்ணுக்கு முன்னால் கட்டியிருந்த பச்சைத் துணிதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. காது மட்டும் நன்றாகவே கேட்டது. துணிக்கு அந்தப் பக்கம், அம்பத்தூரே கையெடுத்துக் கும்பிட்ட பெரிய டாக்டர், என் கருக்குழாய்களைத் தைத்துக்கொண்டே கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது அது. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் நான். மறு வருஷ மழையில் ஊரெல்லாம் வாந்திபேதி. இரண்டு பிள்ளைகளையும் வாரிக் கொடுத்தேன். வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கலாம் என்று கேள்விப்பட்டதும், பாடியில் தொழிற்சாலை வேலையிலிருந்த என் கணவர் அந்தப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். "ஊசி நுழையற ஓட்டைம்மா. ஆனா என் கை பட்டா ஒட்டிக்கும்" என்றார் டாக்டர். பெருமைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

தையல் முடிந்ததும், உதவிக்கு நின்ற இளம் டாக்டரம்மா, "சார், நீல மருந்து ஏத்தி, வழி திறந்திருக்கான்னு பாத்துடலாமா?" என்றார். கர்ப்பப்பை வழியாக ஏற்றினால் குழாய் நுனியில் நீலமாக வழிய வேண்டும். வழியாவிட்டால் அப்போதே பிரித்துத் தைக்கலாம். இதைப் பிற்பாடு அந்த டாக்டரம்மாவே எனக்கு விளக்கினார். "என் தையலுக்கே பரீட்சையா? கல்யாண ரிசப்ஷனுக்கு நேரமாச்சு, வயித்த மூடும்மா" என்றார் அந்த மகானுபாவர். எனக்கு அப்போது என்ன புரியும்?

வருஷக்கணக்கில் காத்திருந்துவிட்டு, பெரியாஸ்பத்திரியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே படம் எடுத்தோம். ஏற்றிய மருந்து இரண்டு பக்கமும் தையல் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. படத்தோடு அவரிடமே போனோம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கடவுள் கொடுக்கலைன்னா நான் என்னம்மா பண்றது?" என்று கையை விரித்தார் டாக்டர். என் கணவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒட்றேன்னு சொன்னது நீ சார். இன்னாத்துக்குக் கடவுள நடுவுல இஸ்துகினு வர்றே?" என்றார். கம்பவுண்டர் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான்.

தொண்ணூறுகளின் கடைசியில் வானகரத்தில் ஒரு கல்யாணம். முன்வரிசையில் அந்தப் பெரிய டாக்டர். தலை நரைத்திருந்தது, தோரணை போகவில்லை. "உங்க பேஷண்ட் சார்" என்று யாரோ என்னை அவர் எதிரே நிறுத்தினார்கள். அவருக்கு என் முகம்கூட ஞாபகமில்லை. "அப்படியா! எத்தனை குழந்தைங்கம்மா?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"பெத்தது ரெண்டு. ரெண்டும் பூட்ச்சி. மூணாவது உன் தையல்லயே மாட்டிகினு கீது, டாக்டர்."