பொருள் எண் பன்னிரண்டு

ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள், மினிட்ஸ் எழுதுபவர்தான். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு மாநகர சபையில் ஒன்பது வருடமாக அந்த வேலையைப் பார்க்கிறேன். சபையின் பெயர் வேண்டாம். மாதம் ஒரு தடவை, மாலை ஆறரைக்கு, மேயருக்கு இடதுபக்கத்தில் மடிக்கணினியோடு உட்காருவேன். யார் பிரேரித்தார், யார் வழிமொழிந்தார், யார் வாக்களித்தார் என்று எழுதுவேன். கைதட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது.

சங்கத்துப் பொதுக்கூட்டங்களில் பின்வரிசைக் கதிரையில் இருந்தபடி தேநீரும் ரோல்ஸும் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்வது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே சொல்லப்போவது ஒரு தீர்மானம் எங்களிடம் வந்த இரண்டு மாதக் கதை. இதில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசியவர்கள். நான் தமிழில் தருகிறேன்.

வாய்க்கால்

எங்கள் சபையின் கூட்டத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். தீர்மானம் வந்த அன்று மண்டபம் நிரம்பி, வெளிக்கூடத்திலும் ஆட்கள் நின்றார்கள். காரணம், அஜெண்டாவில் பன்னிரண்டாவது பொருள். காசாவில் உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும் என்று சபை கோர வேண்டும், சபைக் கட்டடத்தில் ஒரு வாரம் பலஸ்தீனக் கொடி பறக்க வேண்டும் என்று ஒரு இளம் கவுன்சிலர் கொண்டுவந்த தீர்மானம். பதாகைகளை உள்ளே விடுவதில்லை. அவற்றை வாசலில் வாங்கி வைத்த காவலாளிக்கு, எந்தப் பதாகை யாருடையது என்று துண்டு ஒட்டவே நேரம் போதவில்லை.

இதற்கு நடுவில் பேரி வந்தார். அவருடைய வீட்டுக்கு முன்னால் மழை வாய்க்கால் அடைத்து, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கார் கொட்டகைக்குள் வருகிறது. இரண்டு வருடமாக முறையிடுகிறார். அவருடைய பொருள் பதினைந்தாவது. அவருக்குக் கிடைத்த இடமோ, பலஸ்தீனர்களின் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சால்வை அணிந்த ஒரு பெண்ணுக்கும், காசாவில் பிடித்துவைக்கப்பட்ட பணயக்கைதிகளுக்காக மஞ்சள் ரிப்பன் குத்திய ஒரு மனிதருக்கும் நடுவில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க, இருவருமே பேரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் பேரி என் மேசைக்கு வந்து குனிந்து மெல்லக் கேட்டார்:

"மத்திய கிழக்கு முடியும்வரை நான் இருக்கிறேன், எனக்கு அவசரமில்லை. ஆனால் அதற்கு முன்னால் என் வாய்க்காலை எடுக்க வழி ஏதாவது இருக்கிறதா?"

பெயர்கள்

பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டரை நிமிடத்தில் மஞ்சள் விளக்கு எரியும், மூன்றாவது நிமிடம் முடிய மணி அடிக்கும். மணியை அழுத்துவதும் நான்தான்.

யூசுப் என்பவர் வந்தார். குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. நகங்களின் ஓரத்தில் வெள்ளைச் சாந்து காய்ந்திருந்தது. அவர் தீர்மானத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. சட்டைப்பையில் இருந்து மடித்த தாளை எடுத்து, காசாவில் ஒரே கட்டடத்தில் இறந்துபோன தன் அக்காவின் குடும்பத்தாரின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். பெயர், வயது, என்ன வேலை பார்த்தார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் ஒரு மூச்சு. பெரியவர்களை முடித்துப் பிள்ளைகளுக்கு வந்தபோது மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை. என் விரல் மணியின் மேல் இருந்தது. அழுத்தினேன். இன்னும் ஒரு நிமிடம் தரலாமா என்று மேயர் கேட்க, முன்னால் பேசியவர்களுக்கு மறுத்துவிட்டு இவருக்கு மட்டும் எப்படி என்று ஒரு கவுன்சிலர் ஆட்சேபித்தார். விதிப்படி அவர் சொன்னது சரி. யூசுப் தாளை மடித்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டார்.

அவர் வாசித்த அத்தனை பெயர்களையும் நான் என்னை அறியாமலே தட்டச்சு செய்திருந்தேன். என் மேலாளர் ஹெலன் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "பேச்சின் உள்ளடக்கம் மினிட்ஸில் வராது, வாணி" என்றாள். எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். கடைசிப் பெயரில் தொடங்கி ஒவ்வொன்றாக அழித்தேன். மொத்தமாக அழிக்க ஒரு விசை போதும். ஏனோ அது முடியவில்லை.

மறுநாள் யூசுப் எங்கள் கவுண்டருக்கு வந்து, பெயர்கள் பதிவில் இருக்கிறதா என்று கேட்டார். மினிட்ஸில் இல்லை, ஆனால் கூட்டத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது, யாரும் கேட்கலாம் என்றேன். அதற்கு அவர் கேட்டார்:

"ஒலிப்பதிவிலும் நீங்கள் மணி அடித்த இடம்வரைக்கும்தான் இருக்கும், இல்லையா?"

விலாசம்

அதே முதல் கூட்டத்தில் யூசுப்புக்கு மூன்று பேர் தள்ளிப் பேசியவர் மிரியம். எழுபது வயதைத் தாண்டியவர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. போர்நிறுத்தத்தை நான் எதிர்க்கவில்லை, கொடியைத்தான் எதிர்க்கிறேன் என்றார். காசா எல்லைக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய மைத்துனியின் மகனை அவனுடைய வீட்டிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். இங்கே பேரன், ரயிலில் யூதப் பள்ளித் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் போகிறானாம். "நான் வரி கட்டுகிற கட்டடத்தின் கீழே நடக்கும்போது, எனக்கு இங்கே இடமில்லை என்று தோன்றக் கூடாது" என்று முடித்தார். பின்வரிசையில் இருந்து ஒருவன் ஏதோ கத்தினான். மேயர் எச்சரித்தார். மிரியம் தன் இடத்துக்குத் திரும்பிப் போகும்போது நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார்.

அந்தத் தீர்மானம் பற்றி அதிகாரிகள் ஒரு அறிக்கை தர வேண்டும் என்று சபை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தது. ஆட்கள் கலைந்த பிறகு மிரியம் என்னிடம் வந்தார். பேசுவதற்குப் பதிந்த படிவத்தில் தெருப் பெயர் எழுதியிருக்கிறாரே, அது வெளியே வருமா என்று கேட்டார். வராது, ஊர்ப் பெயர் மட்டும்தான் வரும் என்றேன். அதையும் எடுத்துவிடலாமா என்றார். விரும்பினால் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அவருக்கு முன்னாலேயே எடுத்தேன். திரையைக் கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை, உள்ளாக ஒருமுறை பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:

"அந்தக் காலத்தில் யூதர்களைக் கணக்கெடுத்த ஒரு படிவத்தில் என் தாத்தா சரியான விலாசத்தை எழுதினார். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லாரும் படிவங்களை இரண்டு தரம் படிப்போம்."

ஒரு சொல்

மினிட்ஸின் வரைவை இணையத்தில் போட்ட மறுநாள் காலை மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. தீர்மானத்தைச் சுருக்கிய பத்தியில் நான் 'மோதல்' என்று எழுதியிருந்தேன். அது மோதல் இல்லை, இனப்படுகொலை என்று சிலர். அது போர், தொடங்கியது யார் என்பதை எழுது என்று வேறு சிலர். 'இறந்தார்கள்' என்று எப்படி எழுதலாம், 'கொல்லப்பட்டார்கள்' என்றல்லவா எழுத வேண்டும் என்று இரண்டு தரப்புமே எழுதியிருந்தார்கள், வேறு வேறு ஆட்களை நினைத்து. அந்த ஒன்றில் மட்டும்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

ஹெலனும் நானும் அந்தப் பத்தியை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடுவரை இருந்தோம். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது யாரோ ஒருவரின் சொல். கடைசியில் எங்கள் சொல் ஒன்றுமே இல்லாமல், தீர்மானத்தில் இருந்ததை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு முடித்தோம். நான் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஹெலன் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"வாணி, நாம் வரலாறு எழுதவில்லை. பொருள் எண் பன்னிரண்டு எழுதுகிறோம்."

பழைய கோப்பு

ஹெலனுக்கு நான் சொல்லாத ஒன்று இருந்தது. இதே மண்டபத்தில், இதே ஒலிவாங்கிக்கு முன்னால், ஒருநாள் நானும் நின்றிருக்கிறேன். வன்னியில் கடைசி யுத்தம் நடந்த மாதங்கள் அவை. நான் அப்போது பல்கலைக்கழக மாணவி. என் பெரிய மாமாவின் குடும்பம் அங்கே கடற்கரையில் அகப்பட்டிருந்தது. போர்நிறுத்தம் கோரும்படி சபையைக் கேட்க, கடன் வாங்கிய கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு தனியாக வந்தேன். மூன்று நிமிடம் பேசினேன். வெளிநாட்டு விவகாரம் கன்பராவில் உள்ள மத்திய அரசின் வேலை என்று அப்போதைய மேயர் அன்பாகவே சொன்னார். மாமாவின் வீட்டில் இருந்து ஒரே ஒரு மச்சாள்தான் பிறகு உயிரோடு வந்தாள்.

இத்தனை வருடம் இங்கே வேலை பார்த்தும் அந்தக் கோப்பை நான் எடுத்துப் பார்த்ததில்லை. அந்த வாரம் பதிவேட்டு அறைக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருப்பவள் ஜோய். பிலிப்பைன்ஸ்காரி, எதையும் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவாள். பக்கத்தைத் திருப்பினேன். "ஒரு வதிவாளர் வெளிநாட்டு விவகாரம் ஒன்று குறித்துப் பேசினார். குறித்துக்கொள்ளப்பட்டது." அவ்வளவுதான். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஜோய் என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள். அந்த வதிவாளர் யாரென்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு உற்சாகமாகச் சொன்னாள்:

"'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று இருக்கிறதே! அப்போ யாரோ கேட்டிருக்கிறார்கள், பார்த்தாயா?"

இரண்டு பெட்டி

இரண்டாவது கூட்டத்தன்று, பேசுகிறவர்களைப் பதியும் மேசையில் இருந்தேன். சிவலிங்கம் அங்கிள் வந்தார். வெஸ்ட்மீட்டில் மகளோடு இருக்கிறார். தமிழ்ப் பள்ளி விழாக்களில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் எனக்குப் பழக்கம். படிவத்தைக் கொடுத்தேன். அதில் இரண்டு பெட்டி: ஆதரவு, எதிர்ப்பு. பேனையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பின்னால் வரிசை நீண்டது.

"அங்கிள், ஒண்டில அடையாளம் போடுங்கோ" என்றேன்.

"போடத்தான் வந்தனான். பொறு பிள்ளை" என்றார். பிறகு 'ஆதரவு' என்ற பெட்டியில், கீழே இருந்த தாளிலும் பதியும்படி அழுத்தி ஒரு சரி போட்டார். படிவத்தை என்னிடம் நீட்டினார், ஆனால் கையை விடவில்லை.

"அண்டைக்கு எங்களுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. இண்டைக்கு நீ ஏன் போறாய் எண்டு எங்கட சனமே கேக்கும். ஆனா எதிர்ப்பு எண்டு போட்டா, நீ மனுசனோ எண்டு நானே என்னைக் கேப்பன்."

மைக்

கூட்டத்தை நேரடியாக ஒளிபரப்புவது கார்த்திக். கோயம்புத்தூர்க்காரன். நேரம் முடிந்ததும் பேசுகிறவரின் ஒலிவாங்கியை அணைப்பது அவனுடைய வேலை. அன்று இருபதுக்கு மேற்பட்டோர் பேசினார்கள். அத்தனை தடவையும் என் மணி அடித்து எண்ணி மூன்று வினாடியில் அணைத்தான். இடைவேளைக்குள் அவன்மேல் இரண்டு முறைப்பாடு வந்துவிட்டது. ஒன்று, பலஸ்தீனர்களுக்கு வேண்டுமென்றே முன்கூட்டி அணைக்கிறான் என்று. மற்றது, யூதர்களுக்கு வேண்டுமென்றே முன்கூட்டி அணைக்கிறான் என்று. இரண்டையும் அச்செடுத்து அவனிடம் கொடுத்தேன். அவன் பயந்துவிடுவான் என்று நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தான்.

"அக்கா, இதை நான் ஃப்ரேம் போட்டு வச்சுக்கலாமா? நான் நடுநிலையா வேலை பார்த்தேன்னு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

வெளிக்கூடம்

வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு திருத்தம் வந்தது. போர்நிறுத்தம் வேண்டும், பணயக்கைதிகள் விடுவிக்கப்பட வேண்டும், உதவி தடையின்றிப் போக வேண்டும், கொடி வேண்டாம். ஏழுக்கு ஆறு என்று நிறைவேறியது. ஏழு பெயர், ஆறு பெயர் எழுதினேன். மண்டபத்தின் இரண்டு பக்கத்தில் இருந்தும் ஒரே நேரத்தில் "வெட்கக்கேடு" என்ற சத்தம் எழுந்தது. ஆட்கள் எழுந்து போனார்கள். மிச்சப் பொருள்களை எடுக்குமுன் மேயர் கூட்டத்தைப் பத்து நிமிடம் ஒத்திவைத்தார்.

தண்ணீர் எடுக்க வெளிக்கூடத்துக்கு வந்தேன். வெளியே மழை. வெளிக்கதவுக்குப் பக்கத்தில் மிரியம் குடையை விரிக்க முடியாமல் நின்றார். யூசுப் தன் மனைவி காரைக் கொண்டுவரும்வரை அங்கேயே நின்றார். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடைவெளி. குடிநீர்க் குழாயடியில் நான் நிற்பதை அவர்கள் கவனிக்கவில்லை. மிரியம்தான் முதலில் பேசினார்.

"போன மாதம் நீங்கள் வாசித்த பெயர்களைக் கேட்டேன். கடைசியாக வாசித்தது ஒரு சின்னப் பெண், இல்லையா?"

"லீனா" என்றார் யூசுப். "ஆறு வயது." பிறகு, "நீங்கள் எதிராகப் பேசினீர்கள்" என்றார். குரலில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"ஆமாம், பேசினேன். திரும்பவும் பேசுவேன். ஆனாலும் கேட்டேன்."

யூசுப்பின் கார் வந்தது. வெளிக்கதவைத் தோளால் தள்ளித் திறந்தவர், மிரியம் குடையை விரித்து வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிரியம் கடந்து போகும்போது யூசுப் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"கேட்டதற்கு நன்றி. கேட்டால் போதும் என்று என்னால் இன்னும் நினைக்க முடியவில்லை."

மனிதர்கள் நெஞ்சு நடுங்கப் பேசிய எல்லாவற்றையும், அடுத்த மாதம் ஒருவரும் ஆட்சேபிக்க முடியாத நாலு வரியாக ஆக்கிக் கொடுப்பதுதான் என் தொழில், அதில் நான் கெட்டிக்காரி என்று இந்த வருட வேலை மதிப்பீட்டிலும் எழுதியிருக்கிறார்கள்.