ஒரு கட்டைக்கு இறங்கிய பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு: தப்பாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது. சரியாக வாசித்தாலும் தெரியாது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மேடை மூலையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், போட்டோவில் பாதி உடம்பு மட்டும் விழுகிற இடத்தில் நிற்கிற என் இனத்து மக்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பகலில் எனக்கு விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வேலை. பொம்மை அச்சில் களிமண் கூழ் ஊற்றுவது, காய்ந்ததும் அச்சைப் பிரிப்பது. சாயங்காலமானால் ரஹீம் பாயின் மெல்லிசைக் குழுவில் பேஸ். போன வருஷம் வரைக்கும் பழைய ஸ்ட்ரிங்கைத் துடைத்துத் துடைத்து வாசித்ததைத் தவிர அந்தக் கிட்டாருக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

மிச்ச ரெண்டு எங்கே?

வேப்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பந்தி முடித்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பீடாவை மென்றபடி என் எதிரே வந்து நின்றார். லீட் கிட்டாரைப் பார்த்தார். என் கிட்டாரைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு கம்பி அறுந்துபோச்சா? ஒரு கல்யாணத்துக்கு வரப்ப மாத்திக்கிட்டு வரக் கூடாதா?" என்றார். இதற்கு நாலுதான் என்று நான் விளக்கினேன். சமாளிக்கிறான் என்று நினைத்திருப்பார் போல, முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சரி, வெளியாள் அப்படி. நம்மாள்? எங்கள் குழுவின் பாடகி வசந்தா அக்கா. எங்கள் குழுவுக்கு ஊர் ஊராக ஆர்டர் வருவதே அவர் குரலுக்காக. நான் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னிடம் மேடையில் பேசிய பேச்சு ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கும் முதல் பாட்டு முடிந்ததும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்: "தம்பி, அந்த டும் டும்ம கொஞ்சம் கொறைச்சுக்க. நான் பாடுறது எனக்கே கேக்கல."

எல்லாரும் இறங்கியாச்சு

அப்புறம் அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது. பேசுகிற குரல் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. பாடுகிற குரல் மேலே ஏற மறுத்தது. எப்போதும் பாடுகிற பாட்டில் அந்த உச்சி இடம் வந்ததும் காற்றுதான் வந்தது. சேத்தியாத்தோப்பு மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தோம். விழாக் கமிட்டிக்காரர்களில் ஒருவர் நேரில் வந்து, அக்கா பாவம் ஓய்வெடுக்கட்டுமே, வேறு பெண் இருந்தால் கூட்டி வாருங்களேன் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா காதில் அது விழுந்துவிட்டது. "இந்தக் கச்சேரி பாடிப் பாக்கறேன் பாய். சரியா வரலன்னா மைக்க நானே குடுத்துடறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ரஹீம் பாய் கீபோர்டில் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி அக்காவைப் பாடச் சொன்னார். மூணு கட்டையில் உடைந்த இடம், ஒரு கட்டைக்கு வந்ததும் அழகாக விழுந்தது. ஆக, குழு முழுக்க ரெண்டு கட்டை இறங்க வேண்டும். கீபோர்டுக்கு அது ஒரு பட்டன். டிரம்ஸுக்குக் கவலையே இல்லை. லீட் கிட்டாருக்கு மேலே வேண்டிய இடம் இருக்கிறது. பேஸுக்கு? என் அடிக்கம்பியே மூணு கட்டை. அதற்குக் கீழே எனக்குக் கம்பி கிடையாது. விரலை மாற்றி மேலே போய் வாசிக்கலாம்தான். ஆனால் பாட்டு கீழே இறங்கும்போது பேஸ் மேலே ஏறுவது, அஸ்திவாரத்தை மாடியில் போடுகிற வேலை. கனமே இருக்காது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் பாட்டுக்கு நடுவில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எல்லாரும் எறங்கியாச்சு. நீதான்டா மேல நிக்கிற."

கொடியில் காயும் துணி

இறங்குவது என்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன். முறுக்காணியைத் திருகிக் கம்பியைத் தளர்த்தினேன். சுருதி இறங்கியது. கம்பியும் இறங்கிவிட்டது. ஒரு தட்டுத் தட்டினால் தொளதொளவென்று ஆடி, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் மேடுகளில் போய் மோதி, படபடவென்று அடித்தது. கம்பியைத் தூக்கி உயரமாக வைத்துப் பார்த்தேன். மோதல் குறைந்தது, ஆனால் அழுத்துகிற இடத்தில் எல்லாம் சுருதி பிசகியது. உங்களில் பழைய ஸ்ட்ரிங்கைத் தளர்த்தியே காலம் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பாய் கண்ணை மூடிக் கேட்டார். நல்ல மனிதர், யாரையும் புண்படுத்திப் பேச மாட்டார். அப்பேர்ப்பட்டவரே சொல்லிவிட்டார்: "வாசிக்கிற மாதிரி இல்லடா. காத்துல கொடித்துணி அடிச்சிக்கிற மாதிரி இருக்குது."

அம்மனுக்கு இந்த செட்டா?

அப்புறம் என்னைப் பிடித்தது ஒரு வெறி. சாப்பாட்டு வேளையில், டீ வேளையில், பஸ்ஸில் என்று போனில் பேஸ் ஸ்ட்ரிங்கைப் பற்றியே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: சுருதி இறங்க இறங்க, கம்பி தடிக்க வேண்டும். தடித்த கம்பி தாழ்ந்த சுருதியிலும் விறைப்பாக நிற்கும். நாலு கம்பிக் கிட்டாருக்கு இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஐந்து கம்பி பேஸுக்கான செட்டை வாங்கி, அதில் மெலிந்த கம்பியை ஒதுக்கிவிட்டு, மற்ற நாலையும் மாட்டிக்கொள்வது. இதைக் கண்டுபிடித்த நிமிஷம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் இறங்குகிற இடம் வருவதற்கு முன்பே எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார்.

லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன். கடையில் இருந்த பையன் கையெல்லாம் பச்சை குத்தி, முடியைக் கொண்டை போட்டிருந்தான். ஆனால் ஆள் தங்கம். தடித்த கம்பி முறுக்காணித் துளையில் நுழையாது, அதனால் முனை மட்டும் மெலிந்த செட்டாகப் பாருங்கள் என்று அவனே தேடி எடுத்துக் கொடுத்தான். பெட்டியைப் பிரித்து அடிக்கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். சைக்கிள் பிரேக் கம்பி தோற்றது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து வாசிக்க வேண்டும் போலிருந்தது. "இதெல்லாம் இடி மாதிரி வாசிக்கிற மெட்டல் பேண்டு பசங்கதான் சார் வாங்குவாங்க. நீங்க எந்த பேண்டு?" என்று மரியாதையாகக் கேட்டான். சேத்தியாத்தோப்பு மாரியம்மன் திருவிழா என்றேன். பில் போடுகிற கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "அம்மனுக்கு இந்த செட்டா? என்னிக்குன்னு சொல்லுங்க சார், எங்க பேண்டோட நாங்களும் வரோம்."

வெந்தால் சுருங்கும்

வீட்டுக்கு வந்து மாட்டினால், அடுத்த வில்லங்கம். கிட்டார் கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் உட்கார ஒரு வெள்ளைப் பட்டை இருக்குமே, அதன் பள்ளங்களில் புதுக் கம்பி இறங்கவில்லை. நகைப் பட்டறையில் ஒரு மெல்லிய அரம் வாங்கி வந்து ராவினேன். ஆசை அதிகமானால் கை நிற்காது இல்லையா? பட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது. புதிது வரவழைக்க நாளில்லை. திருவிழாவுக்குக் கொடியேற்றம்கூட ஆகிவிட்டது. அப்போதுதான் தோன்றியது, நாம் இருப்பது எந்த ஊரில்? பீங்கானுக்கா இங்கே பஞ்சம்?

நல்ல மண்ணாக எடுத்து, பழைய பட்டையை அளந்து, கம்பியின் தடிமனுக்குச் சரியாகப் பள்ளம் வெட்டி, பிள்ளையார் பொம்மைகளுக்கு நடுவே சூளையில் வைத்தேன். வெந்து வந்ததைக் கம்பியோடு வைத்துப் பார்த்தேன். பட்டை கழுத்தைவிடக் குட்டையாக இருந்தது, பள்ளத்தில் கம்பி நுழையவே இல்லை. சூளை பார்க்கிற கலியமூர்த்தி அண்ணன் அதை வாங்கி, விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொம்மைக்கு அச்சு எடுக்கும்போது சுருக்கத்துக்குச் சேர்த்து அளவு வைப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். கிட்டார் என்றதும் அத்தனையும் மறந்துபோய்விட்டது. இரண்டாவது தடவை அளவைக் கூட்டி வெட்டி, சுட்டு, உப்புத்தாளில் ஓரம் தேய்த்து மாட்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பேட்டை முழுக்கப் பரவியது அண்ணன் முதல் தடவை சொன்னதுதான்: "வெந்தா எல்லாம் சுருங்கும் தம்பி. கம்பி மேல ஆச வந்தா மண்ணு கேக்குமா?"

பொம்மைகள் நடந்த கதை

ஒத்திகை எப்போதும் பேட்டையில் பொம்மை பேக்கிங் செய்கிற கொட்டகையில்தான் நடக்கும். அக்கா வரவில்லை. கச்சேரி வரைக்கும் குரலைச் செலவழிக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் சின்ன ஆம்ப்ளிஃபயரில் புதுக் கம்பியைத் தட்டினேன். ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போல இரைந்ததே தவிர, கீழ்ச் சுருதி வெளியே வரவில்லை. தடித்த கம்பி மட்டும் போதாது மக்களே, அதைத் தாங்குகிற பெட்டி வேண்டும். மைக்செட் செல்வத்துக்குப் போன் போட்டேன். எல்லாக் கச்சேரிக்கும் ஒலி அமைப்பது அவர்தான். நான் வாசிக்க ஆரம்பித்ததும் பேஸ் குமிழை இடது பக்கம் திருகுவதையும் அவர்தான் செய்வார். நல்ல வேளை, குட்டி யானை வண்டியில் தன் பெரிய பாக்ஸை ஏற்றிக்கொண்டு வந்தார்.

இணைத்து, அடிக்கம்பியை விரல் வைக்காமல் ஒரே ஒரு தடவை தட்டினேன். ஒரு கட்டை. சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் காலில் ஏறியது. அலமாரியில் வரிசையாக இருந்த யானைகளும் செட்டியார் பொம்மைகளும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று ஆடின. ஒரு கிருஷ்ணர் மெதுவாக நகர்ந்து ஓரத்துக்கு வந்துவிட்டார். பாய் கீபோர்டை விட்டுவிட்டு ஓடிப் போய் அவரைப் பிடித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததையும் மறைக்கப் போவதில்லை. செல்வம் தன் பாக்ஸின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். "இத்தினி வருஷமா இந்த சத்தத்தயா நான் கொறைச்சு வெச்சிருந்தேன்?"

சேத்தியாத்தோப்பு

சாமி ஊர்வலம் கிளம்பிப் போனதும் கச்சேரி. கூட்டம் உட்கார்ந்துவிட்டது. முன்வரிசையில் அந்தக் கமிட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எப்போதும் கட்டுகிற பட்டுப் புடவைதான், கழுத்துத் தழும்பு தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

அம்மன் பாட்டு. முதல் வரியை அக்கா எடுத்தார். வெளியே வந்தது பழக்கமில்லாத ஒரு தாழ்ந்த குரல், அவருக்கே அந்நியமாக இருந்திருக்கும். வரியின் கடைசியில் ஆடியது. கமிட்டிக்காரர் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த வரிக்கு நான் அடிக்கம்பியில் இறங்கினேன். செல்வம் குமிழை வலது பக்கம் திருகினார். மேடைப் பலகை அதிர்ந்தது. அக்கா சட்டென்று திரும்பினார். போச்சு, குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாடிக்கொண்டே வந்து, டிரம்ஸைத் தாண்டி, என் பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். குரல் ஆடுவது நின்றது. உடைகிற அந்த இடம் வந்தது. மேலே எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் அது தன்னால் வந்து விழுந்தது. அந்தக் கனமான குரலுக்கு இப்படி ஒரு அழகு இருக்கும் என்று எங்கள் யாருக்குமே தெரியாது. சலசலத்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. பாட்டு முடிந்ததும் முதலில் கை தட்டியவர் கமிட்டிக்காரர். கைதட்டல் ஓயவில்லை. அக்கா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வேர்வை. "தம்பி, அந்த டும் டும்ம இன்னும் கொஞ்சம் ஏத்து. அதுமேலதான் நிக்கிறேன்."

இப்போது எல்லாக் கச்சேரியிலும் அக்கா என் பக்கத்தில் நின்றுதான் பாடுகிறார், போட்டோவிலும் முழுசாக விழுகிறேன், ஆனால் ஒரு புதுக் கஷ்டம் வந்து சேர்ந்திருக்கிறது மக்களே: தப்பாக வாசித்தால் தெரிந்துவிடுகிறது.